குடிச்சிட்டு கார் ஓடிப் பிடிபட்டாச்சு, ஒன்ராறியோவில ‘பேக் ஆன் ட்ராக்’ படிப்பை எப்பிடி முடிக்கிறது?

எங்கட அத்தான் ஒரு பேர்த்டே பார்ட்டி முடிஞ்சு வரேக்க ஸ்காபரோவில பொலிஸ் மறிச்சு ஊதச் சொல்லி, 100 மில்லி ரத்தத்தில 80 மில்லிகிராம் எண்ட எல்லைக்கு மேல காட்டிப் போட்டுது. அந்த இடத்திலயே 90 நாளுக்கு லைசன்ஸ் போச்சு, காரை 7 நாளுக்கு இழுத்துக்கொண்டு போட்டாங்கள். வீட்டில எல்லாரும் லோயர் காசு, இன்சூரன்ஸ், தண்டம் எண்டு தான் ஓடித் திரிஞ்சம். இந்தப் படிப்பைப் பற்றி ஒருத்தரும் நினைக்கேல்ல, கடைசியில லைசன்ஸ் திரும்பி வர லேட்டானதே அதால தான். அதாலதான் இதை எழுதுறன், உங்கட வீட்டிலயும் ஆரும் மாட்டியிருந்தா முதல் கிழமையே வாசியுங்கோ.

பேக் ஆன் ட்ராக் எண்டது மாகாண போக்குவரத்து அமைச்சுக்காக ரொறன்ரோவில இருக்கிற மனநல, போதைப்பழக்க ஆஸ்பத்திரியான சி.ஏ.எம்.எச் நடத்துற புரோகிராம். கோட்டில குற்றவாளி எண்டு தீர்ப்பு வந்தா இதை முடிச்சே ஆகவேணும், தடைக்காலம் முடிஞ்சாலும் இது முடியாட்டி பொதுவா லைசன்ஸ் வராது. மூண்டு பகுதி இருக்கு: முதல்ல அசெஸ்மென்ட் (குடிப்பழக்கத்தைப் பற்றிக் கேட்டு மதிப்பிடுறது), அதை வச்சு 8 மணித்தியால வகுப்போ 16 மணித்தியால சிகிச்சை வகுப்போ எண்டு முடிவு எடுப்பினம், பிறகு ஒரு 6 மாதம் கழிச்சு ஒரு பேட்டி. அந்த 6 மாதத்தை ஆராலயும் சுருக்க ஏலாது, ஆனபடியா பிந்திப் பதிஞ்சா எல்லாமே பிந்தும். காசு சில நூறு டொலர் வரும், அது தண்டத்துக்குப் புறம்பு. லைசன்ஸை திரும்ப எடுக்கிற பீஸ் அதுக்கும் புறம்பு.

முதல் தரம் பிடிபட்ட ஆள், ஒருத்தருக்கும் காயம் இல்லை எண்டா, 1 வருசத் தடையைக் குறைக்க ஒரு வழி இருக்கு. சம்பவம் நடந்து 90 நாளுக்குள்ள குற்றத்தை ஒத்துக்கொண்டு தீர்ப்பும் வாங்கினா ஆகக்குறைஞ்சது 3 மாதத் தடை, பிறகு 9 மாதம் காரில ஊதுற மெசின் (இக்னிஷன் இன்டர்லொக், ஊதிக் காட்டினாத் தான் கார் ஸ்டார்ட் ஆகும்). அதைத் தவறவிட்டா 6 மாதத் தடையும் 12 மாத மெசினும். ரெண்டுக்கும் அசெஸ்மென்ட் முதலே முடிஞ்சிருக்க வேணும், அதால தீர்ப்பு வந்த அடுத்த நாளே போன் எடுத்துப் பதியுங்கோ, அமைச்சில இருந்து கடிதம் வரட்டும் பாப்பம் எண்டு இருக்காதேங்கோ.

ஆனா ஒரு விசயம், இது எங்கட ஆக்களுக்கு உயிர் போற விசயம். நீங்கள் இன்னும் சிட்டிசன் இல்லை, பிஆர் (நிரந்தர வதிவிடம்) தான் எண்டா, ஒத்துக்கொள்ளுறதுக்கு முதல் இமிகிரேஷன் லோயர் ஒருத்தரிட்ட கட்டாயம் கதையுங்கோ. 2018 டிசம்பர் 18-ல இருந்து இந்தக் குற்றத்துக்கு உச்சத் தண்டனை 10 வருசம், அதால வெறும் தண்டம் மட்டும் கட்டினாலும் இமிகிரேஷன் சட்டத்தில அது பாரதூரமான குற்றக் கணக்கில வரும், நாட்டை விட்டு அனுப்புற வரைக்கும் போகலாம். 90 நாள் ஓடுது எண்டு அந்தரப்பட்டு கையெழுத்து வச்சிடாதேங்கோ.

இப்ப அசெஸ்மென்ட். இது சோதினை இல்லை, பாஸ் பெயில் இல்லை. எவ்வளவு குடிக்கிறீங்கள், எத்தினை நாள், விடப் பாத்தீங்களா, வீட்டில பிரச்சினை வந்ததா எண்டு கேப்பினம். அத்தான் “விசேஷத்துக்கு மட்டும், ரெண்டு பெக்” எண்டு சொல்லத்தான் ரெடியாகி இருந்தவர். முதல் நாள் இரவு அக்கா அவர் எப்பவும் குடிக்கிற சில்வர் டம்ளரை எடுத்து, வழக்கமா ஊத்துற அளவு தண்ணியை அவரையே ஊத்தச் சொல்லி, அதை கேக் செய்யிற அளவுக் கோப்பைக்கு மாத்திக் காட்டினவ. 110 மில்லி. கனடாவில ஒரு டிரிங்க் எண்டா 40 வீத விஸ்கியில 43 மில்லி தான், பியர் எண்டா 341 மில்லி போத்தில், வைன் 142. அப்ப அவற்ற “ரெண்டு பெக்” அஞ்சுக்கும் மேல. மனுசன் கனநேரம் அந்தக் கோப்பையையே பாத்துக்கொண்டு இருந்தவர். அடுத்த நாள் உண்மையைச் சொன்னவர், 16 மணித்தியாலம் கிடைச்சுது, அதிகம் எண்டு முதல்ல கவலைப்பட்டவர், பிறகு அது தான் தனக்குத் தேவைப்பட்டது எண்டு தானே சொல்லுறார். நீங்களும் போக முதல் உங்கட டம்ளரை அளந்து பாருங்கோ.

வகுப்புக்கு நேரத்துக்குப் போங்கோ, ஒரு சொட்டும் குடிக்காமப் போங்கோ. முதல் நாள் இரவும் வேண்டாம், ஏனெண்டா உடம்பு ஒரு டிரிங்கைக் கழிக்க ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எடுக்கும், கோப்பி, தேசிக்காய்த் தண்ணி, மோர் ஒண்டும் அதைக் கெதிப்படுத்தாது. இங்கிலீஸ் வசதியில்லை எண்டா பதியேக்கையே சொல்லி, என்ன ஒழுங்கு செய்யலாம் எண்டு கேளுங்கோ, போய் இருந்துகொண்டு விளங்காமத் தலையாட்டுறதில பிரயோசனம் இல்லை.

தினமும் நிறையக் குடிக்கிற ஆள் எண்டா இந்த 16 மணித்தியாலம் காணாது, அதையும் நேராச் சொல்லுறன். திடீரெண்டு தனிய நிப்பாட்டவும் கூடாது, வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. குடும்ப டொக்டரிட்ட போங்கோ, இல்லாட்டி குடி, போதை, மனநலப் பிரச்சினைக்கு உதவுற போன் சேவையான கனெக்ஸ்ஒன்ராறியோவுக்கு அடியுங்கோ, 24 மணித்தியாலமும் இலவசமாக் கதைக்கலாம். எங்கட வீடுகளில வெக்கத்தால மறைச்சு மறைச்சு எத்தினை பேரை இழந்திட்டம், தயவு செய்து இதை மறைக்காதேங்கோ.

பிறகு அந்த ஊதுற மெசின். 100 மில்லி ரத்தத்தில 20 மில்லிகிராமுக்கு மேல காட்டினா கார் ஸ்டார்ட் ஆகாது, ஓடிக்கொண்டு போகேக்கையும் இடையில ஊதச் சொல்லிக் கேக்கும். ஜனவரிக் குளிருக்க விடிய அஞ்சரைக்கு அத்தான் கையுறையோட அதை ஊதுவார், பின்சீற்றில மகள் “அப்பா, பச்சை வந்திட்டுது” எண்டு சொல்லுவாள். மவுத்வாஷ், இருமல் மருந்து எடுத்தா வாயைக் கொப்பளிச்சு கொஞ்ச நேரம் பொறுத்து ஊதுங்கோ. மெசினைக் குறிச்ச நாளில கொண்டு போய்க் காட்டுங்கோ, எல்லாம் அதில பதியும். மெசின் இல்லாத வேற ஒரு வாகனமும் ஓட ஏலாது, தம்பியின்ர கார் எண்டாலும் கொம்பனி வான் எண்டாலும், அதால டெலிவரி, ட்ரக் ஓடுற ஆக்கள் முதலாளியிட்ட முதலே கதைச்சு வையுங்கோ.

கடைசிப் பேட்டியைத் தான் கனபேர் மறக்கிறது. 6 மாதம் எல்லே, வகுப்பு முடிஞ்சோடன எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைக்கிறது. அக்கா அந்தத் திகதியை பிரிட்ஜில தொங்கின கோயில் கலண்டரில சிவப்பால வட்டம் போட்டு, கீழ ரெபரன்ஸ் நம்பரையும் எழுதி வச்சவ.