இறங்கும்போது தானாகப் பின்னகரும் ஓட்டுநர் இருக்கை: முதன்முறை அமைப்பவர்களுக்கான செய்முறை

என் அத்தைக்கு 64 வயது. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் சந்தைக்கும் கோயிலுக்கும் தாமே கார் ஓட்டிச் செல்கிறார். உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு என்பதால், பிரேக்கை முழுவதுமாக மிதிக்க அவர் இருக்கையை நன்றாக முன்னே இழுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டும்போது அதனால் ஒரு குறையும் இல்லை. இறங்கும்போதுதான் தொல்லை. வலது காலை வெளியே எடுத்து வைத்துவிடுவார். ஆனால் ஸ்டீயரிங்கின் கீழ் விளிம்பு தொடையில் இடிக்க, இடது முழங்கால் டேஷ்போர்டின் அடியில் சிக்கிக்கொள்ளும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த அரை நிமிடம் எவ்வளவு நீளமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சென்ற ஆண்டு வாங்கிய புதிய காரில் இதற்கான வசதி இருந்தும், இரண்டு மாதங்கள் அவர் பழைய பாடே பட்டுக்கொண்டிருந்தார். காரணம் எளியது: அந்த வசதி அமைப்புகளில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, காரை ஒப்படைத்தவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்று அவருக்கு நான் அமைத்துக் கொடுத்த முறையைத்தான், வேறு கார்களுக்கும் பொருந்தும்படி விரித்து இங்கே எழுதுகிறேன்.

வசதி என்ன செய்கிறது?

காரை நிறுத்தி அணைத்ததும் ஓட்டுநர் இருக்கை தானாகச் சில சென்டிமீட்டர் பின்னே நகர்ந்து, இறங்குவதற்கு இடம் விடுகிறது. மறுபடி ஏறி உட்கார்ந்து காரை இயக்கியதும், நீங்கள் ஓட்டும் நிலைக்கே திரும்பி வருகிறது. விலை உயர்ந்த கார்கள் சிலவற்றில் ஸ்டீயரிங்கும் கூடவே மேலெழும்பி விலகிக்கொள்ளும். நம் ஊரில் பரவலாக விற்கும் கார்களில் ஸ்டீயரிங்கைக் கையால்தான் ஏற்றி இறக்க வேண்டும். நகர்வது இருக்கை மட்டுமே.

ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு பெயர் சூட்டியிருப்பதால், விலைப்பட்டியலைப் பார்த்துக் குழம்புபவர்கள் அதிகம். மஹிந்திரா எக்ஸ்யூவி700-இல் இது 'வெல்கம் ரிட்ராக்ட்'. டாடா ஹாரியர், சஃபாரி கார்களில் 'வெல்கம்' வசதி. டொயோட்டா இன்னோவா ஹைகிராஸில் 'ஸ்லைடு ரிட்டர்ன் அண்ட் அவே'. ஹூண்டாய், கியா கார்களில் 'ஈஸி ஆக்சஸ்' என்றும், டெஸ்லாவில் 'ஈஸி என்ட்ரி' என்றும் தேடினால் கிடைக்கும். இவை எல்லா வகைகளிலும் வருவதில்லை; பெரும்பாலும் உயர் வகைகளில் மட்டும்தான். மின்மோட்டாரால் நகரும் இருக்கை இருப்பதாலேயே இந்த வசதியும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் மெமரி பொத்தான்கள் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். போன இடத்திலிருந்து எங்கே திரும்பி வர வேண்டும் என்று தெரியாத இருக்கையால் தானாக நகர்ந்து பயனில்லை.

இது நேற்று வந்த புதுமை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 1957-ஆம் ஆண்டின் ஃபோர்டு தண்டர்பேர்டு காரிலேயே 'டயல்-ஓ-மாட்டிக்' என்ற இருக்கை இருந்தது. சாவியைத் திருப்பி அணைத்தால் அது பின்னே போகும். மீண்டும் திருப்பினால் டயலில் குறித்து வைத்த நிலைக்கு வரும். அதே தண்டர்பேர்டில் 1961-இல், கியர் பார்க் நிலையில் (ஆட்டோமேட்டிக் காரில் நிறுத்தி வைப்பதற்கான 'P') இருக்கும்போது ஸ்டீயரிங்கையே பக்கவாட்டில் தள்ளிவைக்கும் ஏற்பாடும் வந்தது. ஏறி இறங்கும் சௌகரியத்துக்காகச் செய்யப்பட்டவை அவை. இன்று அதன் அருமை தெரிந்தவர்கள் முழங்கால் வலிக்காரர்கள்தான்.

நீங்கள் இறங்கப்போவது காருக்கு எப்படித் தெரிகிறது?

இதைப் புரிந்துகொண்டால், பின்னர் இருக்கை நகராதபோது பாதிச் சிக்கலை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். இருக்கைக்கு அடியில் உள்ள சிறிய மோட்டார், பற்சக்கரங்களின் வழியாக ஒரு திருகுக் கம்பியைச் சுழற்றி, தண்டவாளத்தின் மேல் இருக்கையை நகர்த்துகிறது. மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்பதை ஓர் உணரி (சென்சார்) எண்ணிக்கொண்டே இருப்பதால், இருக்கை எந்த இடத்தில் நிற்கிறது என்பது கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு எப்போதும் தெரியும். நீங்கள் இறங்கப்போகிறீர்கள் என்பதை அந்தப் பெட்டி சில அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்கிறது: இக்னிஷன் அணைந்ததா, கியர் பார்க்கில் இருக்கிறதா, சீட் பெல்ட் கழற்றப்பட்டதா, ஓட்டுநர் கதவு திறந்ததா.

இவற்றில் எவையெல்லாம் கணக்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டொயோட்டாவின் பொதுவான முறைப்படி, கியர் பார்க்கில் இருந்து, இயந்திரம் அணைந்து, ஓட்டுநரின் சீட் பெல்ட்டும் கழன்ற பிறகே இருக்கை பின்னே போகும். டெஸ்லாவில் பார்க் நிலையும் பெல்ட் கழற்றுவதும் போதும். பிரேக்கை மிதித்ததும் இருக்கை பழைய நிலைக்குத் திரும்பும். வேறு சில கார்களில் கதவைத் திறப்பதுதான் கடைசி அறிகுறி. அத்தையின் கார் இந்த வகை.

முதல் படி: ஓட்டும் நிலையைச் சரியாக அமைத்தல்

பலரும் நேராகத் தொடுதிரைக்குப் போய் வசதியை இயக்கிவிடுகிறார்கள். அது தலைகீழ் வேலை. இருக்கை திரும்பி வரப்போவது நீங்கள் பதிந்து வைத்த இடத்துக்கு. அந்த இடமே தவறாக இருந்தால், ஒவ்வொரு நாளும் அதே தவறான இடத்தில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும். ஆகவே இந்தப் படிக்கு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, கியரைப் பார்க்கில் போட்டு, இடுப்பு இருக்கையின் மூலைவரை ஒட்டும்படி உட்காருங்கள். எப்போதும் அணியும் செருப்பையே அணிந்திருங்கள். பிரேக்கை அடிவரை மிதிக்கும்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் இருக்கை மிகப் பின்னே இருக்கிறது என்று பொருள். அடுத்து உயரம்: பானெட்டைத் தாண்டிச் சாலை தெளிவாகத் தெரியும் அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு முதுகுச்சாய்வு: தோள்கள் சாய்வில் பதிந்தபடியே கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும்.

குள்ளமானவர்கள் இன்னொன்றையும் அளக்க வேண்டும். ஸ்டீயரிங்கின் நடுவில் ஏர்பேக் இருப்பதால், அங்கிருந்து மார்பெலும்பு குறைந்தது 10 அங்குலம், அதாவது சுமார் 25 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் அறிவுரை. அத்தைக்குத் தையல் நாடாவை வைத்து அளந்தபோது 20 செ.மீ.தான் இருந்தது. இருக்கையைக் கொஞ்சம் உயர்த்தி, முதுகுச்சாய்வை ஓரிரு சொடுக்கு பின்னே சாய்த்து, ஸ்டீயரிங்கைக் கீழிறக்கி உள்ளே தள்ளியதும் 26 செ.மீ. கிடைத்தது, பெடல் எட்டுவதிலும் குறைவில்லை.

இரண்டாம் படி: பதிந்து வைத்தல்

மெமரி பொத்தான்கள் கதவின் உட்புறத்திலோ இருக்கையின் பக்கவாட்டிலோ இருக்கும். பெரும்பாலான கார்களில் 'செட்' என்றோ 'எம்' என்றோ எழுதிய பொத்தானை அழுத்திவிட்டு, சில நொடிகளுக்குள் 1 அல்லது 2 என்ற பொத்தானை அழுத்த வேண்டும். 'பீப்' ஒலி கேட்டால் பதிந்துவிட்டது. ஒலி கேட்காவிட்டால், இக்னிஷன் இயங்கும் நிலையில் உள்ளதா, கியர் பார்க்கில் உள்ளதா என்று பார்த்துவிட்டு மறுபடி முயலுங்கள். சரியாகப் பதிந்ததா என்று அறிய, இருக்கையை வேண்டுமென்றே கொஞ்சம் நகர்த்திவிட்டு அந்த எண்ணை அழுத்திப் பாருங்கள்.

வீட்டில் இருவர் ஓட்டினால் ஆளுக்கொரு எண்ணைப் பிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் 1 அத்தைக்கு, 2 எனக்கு. என் நிலையில் அவர் ஏறி உட்கார்ந்துவிட்டால், 1-ஐ அழுத்திய பிறகே காரை எடுக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

மூன்றாம் படி: வசதியை இயக்குதல்

தொடுதிரையில் அமைப்புகள், அதற்குள் வாகன அமைப்புகள், அதற்குள் இருக்கை அல்லது சௌகரியம் என்ற வரிசையில் தேடுங்கள். சில கார்களில் இது தொடுதிரையில் இல்லாமல், மீட்டர் பகுதியின் சிறு திரையில் இருக்கும். அங்கே போக ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்களைப் பயன்படுத்த வேண்டும். எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவும் சில நிறுவனங்கள் இடம் தருகின்றன. முதலில் குறைந்த அளவையே தேர்ந்தெடுங்கள். ஃபோர்டு கையேடுகள் அதிகபட்சம் 5 செ.மீ. என்று சொல்கின்றன. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் அந்த 5 செ.மீ., முழங்கால் தடையில்லாமல் திரும்பப் போதுமானதாகவே இருக்கிறது.

நான்காம் படி: சோதித்தல், நிறுத்தப் பழகுதல்

பின்னிருக்கையில் யாரும் இல்லாதபோது சோதியுங்கள். கியரைப் பார்க்கில் போட்டு, காரை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறவுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு நொடி நிதானித்தால், உங்கள் காரில் எந்தச் செயலுக்கு இருக்கை நகர்கிறது என்பது தெரிந்துவிடும். மெல்லிய 'உய்ங்' சத்தத்தோடு பின்னே போய் அது நிற்கும்வரை காத்திருந்து இறங்குங்கள். நகரும்போதே இறங்க முயன்றால் நிலை தடுமாறும். அத்தை முதல் நாள் அப்படித்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்து, நகரும் இருக்கையை நடுவழியில் நிறுத்திப் பாருங்கள். டொயோட்டாவில் செட் பொத்தானையோ, மெமரி எண்ணையோ, இருக்கையை நகர்த்தும் எந்தப் பொத்தானையோ தொட்டால் அது நின்றுவிடும். மற்ற பல கார்களிலும் ஏறக்குறைய இதே முறைதான். அவசரத்தில் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால், கை தானாக அங்கே போகும்வரை நான்கைந்து முறை பழகிக்கொள்ளுங்கள்.

இருக்கைக்குப் பின்னால் இருப்பது என்ன?

எனக்கு இந்த வசதியில் உள்ள ஒரே மனக்குறை இதுதான்: முன்னால் இருப்பவருக்குக் கிடைக்கும் இடம் பின்னால் இருப்பவரின் முழங்காலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஓட்டுநருக்கு நேர் பின்னே பின்னோக்கிய குழந்தை இருக்கை பொருத்தியிருந்தால், இந்த வசதியை அணைத்துவிடுங்கள், அல்லது குழந்தை இருக்கையை இடப்புறம் மாற்றுங்கள். தரையில் உட்கார்ந்து பொம்மை தேடும் பிள்ளைகளின் விரல்கள் தண்டவாளத்தில் இருக்கலாம். கதவுக் கண்ணாடியில் இருப்பதைப் போல, தடை பட்டதும் தானாகப் பின்வாங்கும் பாதுகாப்பு இருக்கையிலும் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

பொருள்களும் இப்படித்தான். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், கோயிலிலிருந்து திரும்பிய அத்தை கதவைத் திறந்ததும் இருக்கை பாதி தூரம் போய் முக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மோட்டார் பழுது என்று பயந்து என்னை அழைத்தார். இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் ஒன்று தண்டவாளத்துக்குக் குறுக்கே உருண்டு போய் அழுந்திக் கிடந்தது. இருக்கையைப் பின்னே நகர்த்தும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் மோட்டார் சூடேறியிருக்கும். இருக்கையை முன்னே நகர்த்தி, பாட்டிலை எடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. பாட்டிலில் மட்டும் ஒரு நெளிவு.

நகரவில்லை என்றால்

உயரமானவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் இருக்கை அசையவில்லையே? உங்கள் இருக்கை ஏற்கெனவே தண்டவாளத்தின் கடைக்கோடிக்கு அருகில் இருந்தால், பல கார்களில் இந்த வசதி இயங்காது. அது பழுதன்று, பின்னே போக இடமில்லை, அவ்வளவுதான். என் எண்ணான 2-இல் இருக்கும்போது அத்தையின் காரும் அசைவதில்லை. குள்ளமான ஓட்டுநருக்கே முழுப் பயனும் கிடைக்கிறது.

மற்றபடி, கதவு சரியாகத் திறந்ததா, பெல்ட் பக்கிள் முழுமையாகக் கழன்றதா என்று பாருங்கள். கதவு திறந்திருப்பதற்கான அடையாளம் மீட்டரில் தெரியவில்லை என்றால், குறை கதவின் சுவிட்சில் இருக்கலாம். கையால் அழுத்தினாலும் இருக்கை நகராதபோதுதான் ஃபியூஸைச் சந்தேகிக்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில கார்கள் பதிந்து வைத்த நிலைகளை மறந்துவிடும். அப்போது இருக்கையை முன் எல்லைவரையும் பின் எல்லைவரையும் ஒருமுறை முழுவதுமாக ஓட்டிக்காட்டி, பிறகு புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். துல்லியமான வரிசை உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். அத்தை தம்முடைய அளவுகளை, தையல் நாடா அளந்த 26 செ.மீ. உட்பட, ஒரு தாளில் எழுதிக் கையேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.