ராத்திரி ஓடும் ஸ்கிரிப்ட்டின் எர்ரரை சிஸ்டம் லாகில் சேர்ப்பது எப்படி

கானாடுகாத்தானில் ஒரு பலகாரக் கடைக்கு நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். தேன்குழல், சீப்புச்சீடை, மணகோலம் என்று வெளியூருக்குப் போகிற ஆர்டர்களை ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் விடியற்காலை 4 மணிக்குச் சீட்டாக அச்சடித்து வைக்கும், 5 மணிக்கு அடுப்பு மூட்டும்போது அது ஆச்சி கையில் இருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் ஆச்சி போன் செய்து, "தம்பி, மூணு நாளாச் சீட்டு வரலையேப்பா, கையில எழுதித்தான் ஓட்டுறோம்" என்றார்கள்.

போய்ப் பார்த்தால் லாகில், அதாவது மெஷின் நடப்புகளைப் பதியும் குறிப்பேட்டில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் எழுதிய ஒரு வரிதான் இருந்தது: எம்டிஏ (மெயில் அனுப்பும் மென்பொருள்) இல்லை, அவுட்புட்டைத் தூக்கிப் போடுகிறேன். லினக்ஸ் வகைகளான உபுண்டு, டெபியன் இரண்டிலும் கிரான் வேலை எதையாவது எழுதினால் கிரான் அதை மெயிலாக அனுப்பப் பார்க்கும், அதற்கான மென்பொருள் மெஷினில் இல்லையென்றால் எறிந்துவிடும். ஆர்டர் ஃபைலை யாரோ வேறு பெயரில் சேவ் செய்திருந்தார்கள், அவ்வளவுதான் கோளாறு. பைத்தான் அதைத் தினமும் சொல்லியிருக்கிறது, கேட்க ஆளில்லை.

சரி, வேலைக்கு வருவோம். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் மூன்று வழிகள் திறந்திருக்கும்: உள்ளே வருவதற்கு 0, சாதாரண அவுட்புட்டுக்கு 1, எர்ரருக்கு 2. அந்த இரண்டாம் எண்ணை மட்டும் பிடித்து லாகர் என்ற கட்டளையிடம் கொடுத்தால் அது சிஸ்டம் லாகான சிஸ்லாகில் சேர்த்துவிடும். நம் ஊர் ஊருணி மாதிரிதான் சிஸ்லாக், எல்லா வாய்க்காலும் அங்கேதான் வந்து சேரும். ஆனால் ஊருணியில் எது எந்த வாய்க்கால் தண்ணீர் என்று பிரிக்க முடியாது, லாகில் முடியும், அதற்குத்தான் டேக் என்று ஒரு பெயரை ஒட்டுகிறோம்.

பைத்தான்3 ஆர்டர்.பை 2>&1 >>சீட்டு.டெக்ஸ்ட் | லாகர் --டேக் ஆர்டர் --ப்ரையாரிட்டி யூசர்.எர்

இதில் வரிசைதான் உயிர். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், இவற்றை இடமிருந்து வலமாகப் படிக்கும். முதலில் 2>&1 வருவதால் எர்ரர், அந்த நேரத்தில் 1 போகும் இடமான பைப்புக்கு (லாகரோடு இணைக்கும் | குறி) போகிறது; அதற்கப்புறம்தான் 1 ஃபைலுக்குத் திரும்புகிறது. இரண்டையும் மாற்றி எழுதினால் எர்ரரும் ஃபைலுக்குள் போய்விடும், லாகருக்கு ஒன்றுமே வராது. ப்ரையாரிட்டியைச் சொல்லாவிட்டால் லாகர் அதை யூசர்.நோட்டிஸ் என்று பதியும், பிறகு எர்ரரை மட்டும் வடிகட்டித் தேடும்போது நம்முடையது அகப்படாது. சிஸ்லாகில் அவசர நிலைகள் 0 முதல் 7 வரை, எண் குறையக் குறைய அவசரம் கூடும், எர் என்பது 3.

பைப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பைத்தான் தோற்றுப் போனாலும் கடைசியில் நிற்கும் லாகர் ஜெயித்துவிடுவதால், மொத்த வரியும் ஜெயித்ததாக 0 திரும்பி வரும். இதை நம்பி அடுத்த வேலை ஓடினால் வினைதான். பாஷ் என்ற ஷெல்லில் செட் -ஓ பைப்ஃபெயில் போட்டால் சரியாகும். எனக்குப் பிடித்தது வேறு வழி: பைத்தானைக் கூப்பிடும் பாஷ் ஸ்கிரிப்ட்டின் மேலேயே ஒரு வரி.

எக்ஸெக் 2> >(லாகர் --ஐடி --டேக் ஆர்டர் --ப்ரையாரிட்டி யூசர்.எர்)

இதற்குக் கீழே எந்தக் கட்டளை தவறினாலும் அதன் எர்ரர் தானாக லாகுக்குப் போகும், திரும்பி வரும் எண்ணும் கெடாது. பைத்தான் விழுந்தால் நீளமாக ஒரு ட்ரேஸ்பேக் கொட்டும் அல்லவா, அதன் ஒவ்வொரு வரியும் லாகில் தனித்தனிப் பதிவாக விழும். --ஐடி போட்டிருப்பதால் ஒரே ஓட்டத்தின் வரிகளுக்கெல்லாம் ஒரே எண் இருக்கும், இரண்டு ஓட்டம் கலந்தாலும் பிரித்துப் படிக்கலாம். ஒரு நிபந்தனை, இது பாஷ் வழக்கம். உபுண்டுவில் வெறும் எஸ்ஹெச் என்பது டேஷ் என்ற வேறொரு ஷெல், அதற்கு இது புரியாது. கிரானும் எஸ்ஹெச்சைத்தான் கூப்பிடும், அதனால் இந்த வரியை கிரானின் வேலைப்பட்டியலான கிரான்டேபில் நேரடியாக எழுதாமல், பாஷ் என்று முதல் வரியில் சொல்லும் ஸ்கிரிப்ட்டுக்குள் வையுங்கள்.

வேலையை, மெஷினின் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியில் ஒரு சர்வீஸாக ஓட்டினால் இவ்வளவு பாடு வேண்டாம், 1, 2 இரண்டுமே வழக்கமாக அதன் லாகான ஜர்னலுக்குத்தான் போகும். லாகர் அனுப்புவதும் அங்கேதான் சேரும்.

வைத்தபின் சோதித்துப் பார்க்காமல் எழுந்துவிடாதீர்கள். ஸ்கிரிப்ட்டுக்குள் எல்எஸ் /இல்லாதஇடம் என்று ஒரு வரி சேர்த்து ஓட்டிவிட்டு, இப்படிப் பாருங்கள்:

ஜர்னல்சிடிஎல் --ஐடென்டிஃபையர் ஆர்டர் --சின்ஸ் டுடே

அந்த எர்ரர் அங்கே நின்றால் வாய்க்கால் சரி, சேர்த்த வரியை அழித்துவிடலாம்.

மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போய்ப் போய் வரும், அதனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். /வார்/லாக்/ஜர்னல் என்ற டைரக்டரி இல்லாத மெஷினில் ஜர்னல் பெரும்பாலும் மெமரியில்தான் இருக்கும், ரீபூட் ஆனால் போச்சு. அந்த டைரக்டரியை உண்டாக்கி, ஜர்னலை எழுதும் ஜர்னல்டியை ரீஸ்டார்ட் செய்து, ஜர்னல்சிடிஎல் --ஃப்ளஷ் கொடுத்தால் டிஸ்கில் தங்கும்.

தங்குவதால் ஒரு பொறுப்பும் கூட வருகிறது. எர்ரர் செய்தியோடு வாடிக்கையாளர் போன் நம்பரோ பாஸ்வேர்டோ ஒட்டிக்கொண்டு வந்தால் அதுவும் லாகில் உட்கார்ந்துவிடும், லாக் படிக்க அனுமதியுள்ள adm என்ற பயனர் குழுவில் இருக்கிற எவரும் படிக்கலாம். கடை ஸ்கிரிப்ட்டில் இப்போது ஆர்டர் எண் மட்டும்தான் எர்ரரில் வரும், பெயரும் நம்பரும் வராது.