பெயர் மறந்துபோன பொம்மைகள்: தேடுவது, வாங்குவது, மீட்பது

ஸ்டார் வார்ஸ், ஜி.ஐ. ஜோ, ஹீ-மேன் போன்ற பெரிய பொம்மை வரிசைகளைச் சேர்ப்பவர்களுக்குப் பாதி வேலையை மற்றவர்கள் முன்பே செய்து வைத்திருக்கிறார்கள். எந்த உருவத்துக்கு எந்தத் துப்பாக்கி என்று பட்டியல் இருக்கிறது. அறுந்துபோன ரப்பர் வளையத்துக்கு மாற்று கிடைக்கிறது. ஓரிரு ஆண்டுகள் கடையில் இருந்துவிட்டு மறைந்த வரிசைகளின் நிலை வேறு. கோலெகோ நிறுவனம் 1985-ல் வெளியிட்ட செக்டார்ஸ், 1987-ல் வெளியிட்ட ஸ்டார்காம், அதே ஆண்டில் ஹாஸ்ப்ரோவின் விஷனரீஸ், டோங்காவின் சூப்பர்நேச்சுரல்ஸ் ஆகியவற்றைத் தேடுபவர்கள், இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கைத்தடிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். அதனால் இங்கே பணத்துக்கு முன் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். பொம்மையோடு என்னென்ன பாகங்கள் வந்தன? அவை எந்த வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை?

எந்தப் பொம்மை என்று கண்டுபிடிப்பது

பெயர் நினைவில்லை என்றால் உடல் அடையாளங்களை எழுதுங்கள். முதலில் உயரம். 12 அங்குலம் என்றால் 1964-ல் வந்த முதல் ஜி.ஐ. ஜோவின் வழி. 8 அங்குலத்தில் துணி உடையோடு இருந்தால் 1970-களின் மெகோ நிறுவனப் பாணி. 3¾ அங்குலம், அதாவது ஏறத்தாழ 9.5 செ.மீ., 1978-ல் கென்னரின் ஸ்டார் வார்ஸ் உருவங்களுக்குப் பிறகு பரவிய அளவு, 1982-ல் ஜி.ஐ. ஜோவும் அதற்கே மாறியது. தோள் அகன்று, இடுப்பு முறுக்கிக்கொண்டு 5½ அங்குலத்தில் நிற்பது 1982-ல் மேட்டல் தொடங்கிய ஹீ-மேன் வரிசையை ஒட்டி வந்த பல போட்டி வரிசைகளில் ஒன்றாக இருக்கலாம்.

அடுத்தது, அந்தப் பொம்மை என்ன செய்தது என்பது. தேடலை அதிகம் சுருக்குவது இதுதான். பாதத்தில் காந்தம் இருந்து, சாவி கொடுத்தால் பேட்டரியில்லாமலே இறக்கை விரியும் விண்கலத்தில் அது நின்றிருந்தால் ஸ்டார்காம். மார்பில் ஹாலோகிராம் இருந்தால் விஷனரீஸ். கையுறைபோல உள்ளே கையை நுழைத்து ஆட்டும் பெரிய பூச்சி என்றால் செக்டார்ஸ். ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் கவசம் போட்ட விலங்கு, மார்பைத் தேய்த்தால் சின்னம் தெரிகிறது என்றால் பேட்டில் பீஸ்ட்ஸ். ஜப்பானில் அதன் பெயர் பீஸ்ட்ஃபார்மர்ஸ். நாட்டுக்கு நாடு பெயர் மாறுவது இந்தத் துறையில் சாதாரணம். மெகோ 1976-ல் மைக்ரோநாட்ஸ் என்று விற்றது, ஜப்பானின் டகாரா 1974-ல் தொடங்கிய மைக்ரோமேனைத்தான். ஒரு பெயரில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் மறுபெயரில் தேடுங்கள்.

பொம்மை கையில் இருக்கிறது, பெயர்தான் தெரியவில்லை என்றால் உள்ளங்கால், தொடையின் உட்புறம், முதுகு, பேட்டரி மூடியின் உட்பக்கம் ஆகிய இடங்களில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தேய்ந்த எழுத்து தெரியாது. அங்கே இருக்கும் ஆண்டு, பதிப்புரிமை பதிவான ஆண்டு. அந்தப் பொம்மை தயாரான ஆண்டு அல்ல. பழைய அச்சிலிருந்து பல ஆண்டுகள் கழித்து வார்த்ததிலும் அதே ஆண்டுதான் இருக்கும். காப்புரிமை எண் இருந்தால் அதைப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் பல்சக்கரமும் சுருள்வில்லும் எப்படிப் பொருந்துகின்றன என்ற வரைபடம் கிடைக்கும். பின்னால் பழுது பார்க்கும்போது அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

வாங்கும் முன் பாகப் பட்டியல்

பெட்டியின் பின்பக்கப் படம், உள்ளே வந்த செய்முறைத் தாள், அந்தக் காலத்து அஞ்சல் விற்பனைப் பட்டியல்கள் ஆகிய மூன்றும் ஸ்கேன் வடிவில் கிடைக்கின்றன. மூன்றில் செய்முறைத் தாளையே நம்புங்கள். பட்டியலிலும் சில நேரம் பெட்டியிலும் அச்சானது முன்மாதிரியின் படம். விற்பனைக்கு வந்தபோது நிறம் மாறியிருக்கும், ஒரு பீரங்கி குறைந்திருக்கும். வராத பாகத்தைத் தேடி அலைபவர்கள் பெரும்பாலும் இந்தப் படங்களை நம்பியவர்களே. தாளைப் பார்த்து ஒவ்வொரு பாகத்தையும் நிறம், எண்ணிக்கையோடு எழுதுங்கள். ஸ்டிக்கர் ஒட்டும் இடங்களையும், அட்டையில் வெட்டிச் செருகும் சுவர், தரை போன்றவற்றையும் சேருங்கள். பிளேசெட்டுகளில், அதாவது உருவங்களை வைத்து விளையாடும் கோட்டை, தளம் போன்ற பெரிய அமைப்புகளில், முதலில் காணாமல் போவது அட்டைதான். அடுத்தது மின்தூக்கியின் நூல், பிறகு கதவின் கீல் ஊசி.

விற்பவரிடம் "நல்ல நிலையில் இருக்கிறதா?" என்று கேட்பதில் பயனில்லை. பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் கேளுங்கள். உள்ளங்கால், பேட்டரிப் பெட்டியின் உள்பக்கம், இரண்டு கட்டைவிரல்கள், இடுப்பின் முன்பக்கம், கீல்கள் ஆகியவற்றை நெருக்கத்தில் எடுக்கச் சொல்லுங்கள். தானாக நிற்கிறதா, முழங்கால் இறுக்கமாக இருக்கிறதா, புகை அல்லது பூஞ்சை வாடை வருகிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஸ்டார்காம் போன்ற சாவிப் பொம்மை என்றால் சாவி கொடுத்து விடுவிக்கும் காணொளி வேண்டும். விட்டுவிட்டுக் கடகடவென்று ஓசை கேட்டால் பல்சக்கரத்தில் பல் போயிருக்கலாம்.

வரிசையின் பெயர் போட்டு விற்பவருக்கு அதன் மதிப்பு தெரியும். பெயர் தெரியாதவர் "பழைய ரோபோ பொம்மைகள்", "பூச்சி வீரன்", "ஒரு பெட்டி பொம்மை" என்றுதான் போடுவார். அந்தச் சொற்களிலும் எழுத்துப் பிழைகளோடும் தேடுங்கள். கலவைப் பெட்டியின் படத்தில் பெரிய பொம்மையைவிட அடியில் கிடக்கும் உதிரிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிளேசெட்டை வாங்கிவிட்டுச் சிறு பாகத்தைத் தேடுவது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைவது போல. பாதி பாதியாக இரண்டு செட் வாங்கி ஒன்றாக்குவது நல்ல வழிதான், ஆனால் ஒன்று வெயிலில் வெளுத்திருந்தால் நிறம் சேராது. இரண்டையும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள்.

போலிப் பாகங்களையும் கவனிக்க வேண்டும். அசலை அச்செடுத்து வார்த்தது சற்றே சிறியதாக இருக்கும். கைப்பிடி வரிகள் மழுங்கியிருக்கும். முப்பரிமாண அச்சில் செய்ததில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் படிப்படியான கோடுகள் தெரியும். மாற்றுப் பாகம் என்று சொல்லி விற்றால் அதில் தவறில்லை. நீங்கள் அப்படி ஒன்றைப் பொருத்தினால் அதைக் குறித்து வையுங்கள். அடுத்து அதைக் கையில் எடுப்பவருக்கு அது தெரிய வேண்டும்.

எது சரியாகும், எது சரியாகாது

முதலில் சரியாகாதது. 1980-களின் இறுதியில் வந்த சில டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளில் பிளாஸ்டிக்குக்குள்ளேயே தங்க நிறத் துகள் கலந்த பாகங்கள் உண்டு. உள்ளே சுழல் சுழலாக மினுக்கம் தெரியும். அவை காலப்போக்கில் பிஸ்கட் போல நொறுங்கும். இதற்கு மருந்தில்லை. மூட்டை அசைக்காமல் ஒரே நிலையில் வைத்துக்கொள்ளத் தயார் என்றால் மட்டும் வாங்குங்கள். செக்டார்ஸ் பூச்சிகளின் கையுறைத் துணியும் ரோமமும் உதிரத் தொடங்கியிருந்தால் அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஹாலோகிராம் கீறலும் அப்படியே. அதன்மேல் ஆல்கஹாலோ துணியோ படக்கூடாது. தூசியை ஊதும் பந்தால் ஊதினால் போதும். குரோம் பூச்சும் மிக மெல்லியது. மென்தூரிகையும் வெதுவெதுப்பான நீரும் தவிர வேறெதுவும் வேண்டாம்.

பிசுபிசுப்பு சரியாகும். மென்மையான பி.வி.சி.யிலிருந்து அதை நெகிழ வைக்கும் எண்ணெய் கசிவதால் வருவது அது. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, 40 டிகிரி வெந்நீர், மென்மையான பல்தூரிகை போதும். சில மாதங்களில் திரும்ப வரும், திரும்பக் கழுவலாம். அந்த எண்ணெய் பக்கத்தில் இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்கை உருக்கும் என்பதுதான் உண்மையான ஆபத்து. வண்டியின் டயர் அதன் மட்கார்டில் பதிந்து தழும்பு விழுவதும், வினைல் மேலங்கி உடலோடு ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். உடல் உள்ளீடற்றது என்றால் முழுதாக முக்காதீர்கள். உள்ளே புகுந்த நீர் சுருள்வில்லைத் துருப்பிடிக்க வைக்கும். தவறி நனைந்தால் மூட்டுகளை விரித்து, தலைகீழாக இரண்டு நாள் காயவிடுங்கள்.

மஞ்சளித்த வெள்ளை ஏ.பி.எஸ். (கெட்டிப் பிளாஸ்டிக் வகை) பாகங்களுக்கு முடிச்சாயக் கடைகளில் கிடைக்கும் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமும் புற ஊதா ஒளியும் உதவும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். ஸ்க்ரூ, சுருள்வில், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கிரீமைச் சீராகப் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒளியில் வையுங்கள். மணிக்கு ஒருமுறை புரட்டிக் கிரீமைத் திரும்பப் பரப்ப வேண்டும். ஓரிடத்தில் காய்ந்தால் அங்கே வெள்ளைத் திட்டு விழும், அது போகவே போகாது. நிறமுள்ள பாகங்களிலும் பெயின்ட் உள்ளவற்றிலும் இதைச் செய்யாதீர்கள். வெளுத்த பாகமும் பிறகு மீண்டும் மஞ்சளாகலாம். லேசான மஞ்சள் என்றால் விட்டுவிடுவதே எங்கள் யோசனை.

கழலாத தலை, கை இருந்தால் இழுக்காதீர்கள். 60 முதல் 70 டிகிரி நீரில் ஒன்றிரண்டு நிமிடம் பிடித்தால் பி.வி.சி. இளகி, மெல்ல முறுக்கும்போது கழன்று வரும். முதுகில் ஸ்க்ரூ உள்ள 3¾ அங்குல உருவங்களில் இடுப்பை மார்போடு பிணைப்பது ஒரு ரப்பர் வளையம். அறுந்திருந்தால் துண்டுகளை எடுத்துத் தடிமனையும், வளையமாகச் சேர்த்து வைத்து உள் விட்டத்தையும் வெர்னியர் அளவியில் அளந்து வாங்குங்கள். தடித்த வளையம் போட்டால் இறுக்கம் கூடி இடுப்புத் துண்டு பிளக்கும். திரும்ப ஸ்க்ரூ போடும்போது முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். லேசாக ஒரு 'டிக்' என்று இறங்கும். அது பழைய மரை. அதன்பின் வலப்பக்கம் திருப்பினால் மரை கெடாது. இதைச் செய்யாமல் அழுத்தித் திருகினால் மூன்றாம் நான்காம் முறையில் பிளாஸ்டிக் மரை அழிந்துவிடும்.

ஒட்டுவதற்கு முன் உடைந்த துண்டை நீரில் போடுங்கள். காற்றுக்குமிழி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளவும். மிதந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். வழக்கமான எந்தப் பசையும் அதில் நிலைக்காது. இரண்டு பக்கமும் துளையிட்டு 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி செருகத்தான் வேண்டும். மூழ்கினால் ஏ.பி.எஸ்., பாலிஸ்டைரீன், பி.வி.சி. ஆகியவற்றில் ஒன்று. முதல் இரண்டும் மாடல் செய்பவர்கள் பயன்படுத்தும் கரைப்பான் பசையில் ஒன்றோடொன்று உருகிச் சேரும். சூப்பர் க்ளூ ஒட்டும், ஆனால் அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும். கண்ணாடிபோன்ற பாகங்களின் அருகே வேண்டாம். அசிட்டோனைப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். ஏ.பி.எஸ்.ஸையும் பாலிஸ்டைரீனையும் அது கரைத்துவிடும்.

பேட்டரி கசிந்த பெட்டியில் கசிவின் வகையைப் பார்த்து மருந்து. ஆல்கலைன் பேட்டரியின் வெள்ளைப் படிவம் காரத்தன்மை உள்ளது. வினிகரில் தோய்த்த பஞ்சால் துடைக்க வேண்டும். பழைய துத்தநாக-கார்பன் பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடா கரைசல். இரண்டுக்கும் பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, தகட்டை மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். அப்போதும் ஓடவில்லை என்றால் வயரின் உறையை ஓரத்தில் சற்றுச் சீவிப் பாருங்கள். அரிப்பு உறைக்குள்ளேயே ஏறியிருந்தால் கம்பி கறுத்திருக்கும், வயரை மாற்ற வேண்டும்.

வைக்கும் இடம்

நேர் வெயில் படாத, வெப்பம் அதிகம் ஏறி இறங்காத அலமாரி. ஜன்னல் கண்ணாடி புற ஊதா ஒளியை முழுதாகத் தடுக்காது. மென்மையான பாகமும் கெட்டியான பாகமும் ஒன்றையொன்று தொடாமல் இடையில் பாலிஎத்திலீன் தாள் வையுங்கள், பி.வி.சி. உறைகளைத் தவிருங்கள். பேட்டரியை ஒருபோதும் உள்ளே விட்டு வைக்காதீர்கள். பழைய பெயின்டிலும் பி.வி.சி.யிலும் ஈயமோ காட்மியமோ இருக்க வாய்ப்புண்டு. ஆகவே குழந்தைகள் கையில் விளையாடக் கொடுக்க வேண்டாம். தேய்க்க வேண்டியிருந்தால் ஈரமாக வைத்துத் தேயுங்கள்.

ஆயுதங்களை உருவத்தின் கையிலேயே விட்டு வைப்பது பலர் செய்யும் தவறு. தடித்த கைப்பிடி விரலை விரித்துக்கொண்டே இருக்கும். ஒரு குளிர்காலத்தில் கட்டைவிரல் விண்டுவிடும். காட்சிக்கு வைக்கும் நாட்களில் மட்டும் பொருத்துங்கள். மற்ற நாட்களில் ஒவ்வொரு உருவத்தின் உதிரிகளும் தனித்தனி சிறு பையில், அந்த உருவத்தின் பெயரும் பாகங்களின் எண்ணிக்கையும் எழுதிய துண்டுச்சீட்டோடு இருக்கட்டும்.