செட்டிநாட்டு வீட்டு பாத்ரூம் கீசருக்கு கண்ட்ரோல் எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் நிறைய வீடு வருஷத்துல பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும், பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ சொந்தபந்தம் மொத்தமா வந்து இறங்கும்போது பின்கட்டுல புதுசா கட்டின பாத்ரூம்ல எல்லாரும் கீசரைத்தான் தேடுவாங்க. அதனால வாங்கும்போது லிட்டரை மட்டும் பாக்காம அதை எப்படி ஆன் ஆஃப் பண்ணப் போறோம்னும் சேர்த்து யோசிங்க.

முதல்ல வயரிங். பழைய வீட்டுல மரப்பட்டை மேல ஓடுற வயர்ல எர்த் கம்பியே இல்லாம இருக்கலாம், அதுல கீசரை மாட்டவே கூடாது. 2000 வாட் கீசர் 230 வோல்ட்ல சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், அதனால போர்டுலேர்ந்து தனி லைன், எர்த், தனி எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினா தானா அணையுற சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்றது) இதெல்லாம் எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டு வாங்குங்க. ஏற்கனவே கீசர் இருந்தா எம்சிபியை ஆஃப் பண்ணிட்டு பிளக்கைப் பிடுங்கிப் பாருங்க, முள்ளு கருத்து, சாக்கெட் ஓட்டை பழுப்பா உருகின மாதிரி இருந்தா அது லூஸ் கான்டாக்ட், ரெண்டையுமே மாத்திடணும்.

அடுத்து சுவிட்ச். பேஸ், நியூட்ரல்னு ரெண்டு கரண்ட் கம்பியும் சேர்ந்து கட் ஆகுற 20 ஆம்பியர் டிபி சுவிட்ச், சிவப்பு லைட்டோட, பாத்ரூமுக்கு வெளிய கதவுப் பக்கம் வைங்க. அப்பத்தா கூட நடந்து போகும்போதே லைட்டைப் பாத்து அணைச்சிடுவாங்க.

மூணாவது தெர்மோஸ்டாட், அதாவது தண்ணி எவ்வளவு சூடாகணும்னு குமிழைத் திருகி வைக்கிறது, இதுலதான் கொஞ்சம் நிதானமா இருக்கணும். சில மாடல்ல குமிழ் வெளிய இருக்கும், சிலதுல மூடிக்குள்ள இருக்கும், நம்ம வீட்டுக்கு வெளிய இருக்கிறதுதான் நல்லது, ஏன்னா குடியிருக்கிற நாள்ல ஒரு அளவு, பூட்டித் திறந்த நாள்ல வேற அளவு. குழந்தைங்க, ஐயா மாதிரி வயசானவங்க குளிக்கிற வீட்டுல 50 டிகிரி பக்கம் போதும், 60 டிகிரி தண்ணி சில விநாடியிலயே தோலைப் பொசுக்கிடும். ஆனா மாசக்கணக்கா தேங்கின தண்ணியில கிருமி வளரும், அதனால வந்த அன்னைக்கு முதல்ல 60க்கு மேல வச்சு சூடாக்கி, ஜன்னலைத் திறந்துட்டு, அந்தத் தண்ணியை மெதுவா முழுசா ஓடவிட்டுட்டு அப்புறம் குமிழைக் குறைங்க.

டைமர் வேணுமா? தினமும் காலையில ஒரே நேரத்துக்குக் குளிக்கிற வீடுன்னா வேணும். 28 டிகிரி தண்ணியை 55 ஆக்க 15 லிட்டருக்கு கால் மணி நேரம், 25 லிட்டருக்கு 25 நிமிஷம் பக்கம் ஆகும், அதைக் கணக்குப் பண்ணி நேரம் வைங்க. வாங்கும்போது பேட்டரி இருக்கிற டிஜிட்டல் டைமரா வாங்குங்க, பேட்டரி இல்லாத சுத்துற டயல்ல கரண்ட் போற ஒவ்வொரு தடவையும் நேரம் பின்தங்கி, விடிகாலைக்கு வச்சது எட்டு மணிக்குப் போய் நிக்கும். விருந்தாளி மாத்தி மாத்தி குளிக்கிற கல்யாண வீட்டுக்கு டைமர் ஒத்து வராது, கை சுவிட்ச்தான்.

போன்ல ஆன் பண்ற வைஃபை சுவிட்ச் பூட்டின வீட்டுக்கு வேண்டாங்கிறது என் கருத்து. மேல் டேங்க்ல தண்ணி இருக்கா, கீசர் நிறைஞ்சிருக்கான்னு தெரியாம சென்னையிலேர்ந்து தட்டிவிட்டா காலி டேங்க்ல காயில் எரிஞ்சிடும். எந்த கண்ட்ரோல் போட்டாலும் சுடுதண்ணி குழாயைத் திறந்து தண்ணி விட்டு விட்டு வராம ஒரே சீரா வந்த பிறகுதான் முதல் தடவை ஆன் பண்ணணும். ஊருக்குக் கிளம்புறப்போ எம்சிபியை ஆஃப் பண்ணி, கீசருக்குப் போற வால்வையும் மூடிட்டுப் போங்க.