ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு லாரவெலில் ஆர்டர் தளம் அமைப்பது எப்படி?

பட்டறைக்காரருக்கு வேண்டியது மூன்றே வசதிகள்தான். வீடு கட்டுபவர் அறையின் நீள அகலத்தைப் போட்டால் எத்தனை கல் வேண்டும் என்று தளம் சொல்ல வேண்டும். ஆர்டர் பதிவாக வேண்டும். இருப்பைப் போனிலேயே பார்த்து ரசீது எடுக்க முடிய வேண்டும். இதில் பெரும்பகுதியை, பிஎச்பி மொழியில் தளம் கட்ட உதவும் கட்டமைப்பான லாரவெல் தானே செய்துவிடும். தேடலில் கிடைக்கும் பேக்கேஜ்களை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களை) எல்லாம் ஏற்றி வைத்தால், இரண்டு வருடம் கழித்து லாரவெலைப் புதுப்பிக்கும்போது அவற்றில் ஒன்று ஒத்துவராமல் மொத்தத் தளத்தையும் பிடித்து நிறுத்தும். எனவே கைக்கு அடக்கமாகத் தொடங்குங்கள்.

எந்த பேக்கேஜ், எதற்கு

லாரவெல் 12-க்கு பிஎச்பி 8.2 அல்லது அதற்கு மேல் வேண்டும். படிவச் சரிபார்ப்பு, மின்னஞ்சல், கோப்பு சேமிப்பு, பக்கம் பிரித்தல், வரிசையில் நிற்கும் வேலைகள் எல்லாம் லாரவெலிலேயே உண்டு. வெளியிலிருந்து மூன்று போதும்: நிர்வாகப் பக்கத்துக்கு ஃபிலமென்ட், ரசீதுக்கு எம்பிடிஎஃப், காப்புப் பிரதிக்கு ஸ்பேஷி (Spatie) நிறுவனத்தின் பேக்கப். முதலாளியும் கணக்குப்பிள்ளையும் மட்டும் நுழையும் தளத்துக்கு, பயனர் அனுமதிக்கென்று தனி பேக்கேஜ் தேவையில்லை. பயனர் அட்டவணையில் 'பொறுப்பு' என்று ஒரு பத்தியும், யார் எதைச் செய்யலாம் என்று சொல்லும் லாரவெலின் பாலிசியும் இருந்தால் வேலை முடிந்தது.

ஃபிலமென்ட் ஏற்றும்போது பலரும் முதலில் தடுக்குவது பிஎச்பியின் இன்டல் (intl) நீட்டிப்பில். சொந்தக் கணினியில் ஓட்டும் எக்ஸாம்ப் (XAMPP) தொகுப்பில் இது அணைந்தே இருக்கும். பிஎச்பி அமைப்புக் கோப்பில் அந்த வரியின் முன்னுள்ள அரைப்புள்ளியை எடுத்துவிட்டு, அப்பாச்சியை நிறுத்தித் தொடங்குங்கள். அதைச் செய்யாமல், தேவைகளைப் பொருட்படுத்தாதே என்று, பேக்கேஜ்களை ஏற்றும் கருவியான கம்போசரிடம் சொல்லி ஏற்றினால் நிறுவல் முடியும். பக்கம் திறக்கும்போது உடையும்.

இன்னொன்று: சொந்தக் கணினியில் நன்றாக ஓடிய நிர்வாகப் பக்கம் சர்வரில் 403 (அனுமதியில்லை) காட்டினால் பதறாதீர்கள். உள்ளூர்ச் சூழல் அல்லாத இடத்தில் யாரை உள்ளே விடலாம் என்று பயனர் மாடலில் எழுதியிருந்தால்தான் ஃபிலமென்ட் கதவைத் திறக்கும். அது பிழையல்ல, பாதுகாப்பு.

கல் கணக்கு

பத்து அங்குலக் கல்லின் பரப்பு 100 சதுர அங்குலம். ஒரு சதுர அடி 144 சதுர அங்குலம். ஆக, சதுர அடிக்கு 1.44 கல். எட்டு அங்குலக் கல் என்றால் 2.25. பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறை 180 சதுர அடி. பத்து அங்குலக் கல்லில் 259.2 வரும். வெட்டுக்கும் உடைசலுக்கும் நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 272.16, அதாவது 273 கல். மேல்நோக்கி முழுமையாக்குவதைக் கடைசியில் ஒரே ஒரு முறை செய்யுங்கள். இடையிலும் செய்தால் ஒவ்வொரு அறைக்கும் கல் கூடிக்கொண்டே போகும். அளவுகளை அங்குலத்தில் முழு எண்ணாகவும் விலையைப் பைசாவில் முழு எண்ணாகவும் வையுங்கள். தசமத்தில் வைத்தால் பில் தொகையில் பைசா இடிக்கும்.

நடுவில் பூ வேலைக் கல், சுற்றிலும் பார்டர் கல், மூலைக்குத் தனிக் கல் என்று வாங்குவோருக்கு ஒரே ஆர்டரில் பல வரிகள் வரும். எனவே ஆர்டர் ஓர் அட்டவணை, ஆர்டர் வரிகள் இன்னொரு அட்டவணை.

இருப்பை டிசைன் வாரியாக வைப்பதுதான் இத்தொழிலுக்கு எழுதும் தளங்களில் பெரிய தவறு. கண்ணாடியின் மேல் கையால் வண்ணம் ஊற்றி வார்க்கும் கல் இது. ஒரு முறை கலந்த சிவப்பும் அடுத்த முறை கலந்த சிவப்பும் அச்சாக ஒன்றாக இராது. ஆகவே 'லாட்' என்று ஓர் அட்டவணை போட்டு, இருப்பை லாட் வாரியாகக் குறியுங்கள். ஓர் அறைக்கான கல்லை ஒரே லாட்டிலிருந்து கொடுக்கும்படி எழுதுங்கள். இல்லையென்றால் கூடத்தின் நடுவில் நிறம் மாறி நிற்கும்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஆர்டர் போட்டால், இருவருக்கும் அதே 300 கல்லைத் தளம் ஒதுக்கிவிடக்கூடும். இருப்பைப் படிப்பதும் கழிப்பதும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்கட்டும். படிக்கும்போதே லாரவெலின் லாக் ஃபார் அப்டேட் கொண்டு அந்த லாட் வரிசையைப் பூட்டுங்கள். வார்த்து, நீரில் ஊறவைத்து, உலர்ந்து வர நாளாகும். இல்லாத கல்லை விற்றுவிட்டு மறுநாளே வார்த்துக் கொடுக்க முடியாது.

தமிழ் படுத்தும் இடங்கள்

செட்டிநாட்டில் பெயருக்கு முன் விலாசம் வரும். மூன்று நான்கு எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் பின் புள்ளி. லாரவெலின் ஆல்ஃபா விதி தமிழ் எழுத்தை ஏற்கும். புள்ளியையும் இடைவெளியையும் ஏற்காது. பெயருக்கு அந்த விதியையே போடாதீர்கள். கட்டாயம், அதிகபட்ச நீளம் இரண்டும் போதும். நீளத்திலும் கவனம் வேண்டும். 'செட்டிநாடு' நம் கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடில் 10 குறி, பைட்டில் 30. தலைப்பைச் சுருக்கும்போது பைட் கணக்கில் வெட்டினால் கடைசி எழுத்து கேள்விக்குறியாகும். குறிக் கணக்கில் வெட்டினால் 'நா' இருக்க வேண்டிய இடத்தில் 'ந' நிற்கும். இன்டல் நீட்டிப்பிலுள்ள கிராஃபீம் செயல்களே சரியாக வெட்டும்.

பக்க முகவரிக்கான ஸ்லக் செயலில் மொழிக்கு நல் (null, வெற்று மதிப்பு) கொடுத்தால் எழுத்து, எண், இடைவெளி தவிர மற்றதை நீக்கிவிடும். புள்ளியும் கொம்பும் அந்த 'மற்றதில்' அடக்கம். 'ஆத்தங்குடி' என்பது 'ஆததஙகட' ஆகிவிடும். ஒவ்வொரு டிசைனுக்கும் முகவரிப் பெயரைக் கையாலேயே தட்டச்சு செய்ய ஒரு புலம் வையுங்கள்.

ரசீதுக்குப் பலரும் எடுப்பது டாம்பிடிஎஃப். அது தமிழ் எழுத்தைச் சேர்த்து அமைக்காது. 'கெ' போன்றவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எம்பிடிஎஃப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்து, அதன் ஓடிஎல் (useOTL) அமைப்பை 255 என்று வைத்தால் சரியாக வரும். அதன் தற்காலிகக் கோப்புறையை லாரவெலின் ஸ்டோரேஜுக்குள் மாற்றிவிடுங்கள். வெண்டர் கோப்புறைக்குள் எழுத சர்வர் பெரும்பாலும் விடாது.

சர்வரில்

டொமைன் பப்ளிக் கோப்புறையைத்தான் காட்ட வேண்டும். மேல் கோப்புறையைக் காட்டினால் டேட்டாபேஸ் கடவுச்சொல் உள்ள என்வி (.env) கோப்பை யாரும் திறந்து படிக்கலாம். பிழை விவரங்களைக் காட்டும் டீபக்கை அணையுங்கள். நேர மண்டலம் இயல்பாக, உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கும். ஆசியா கொல்கத்தா என்று மாற்றாவிட்டால், இந்திய நேரம் அதிகாலை ஐந்தரைக்கு முன் சிங்கப்பூரிலிருந்து வரும் ஆர்டர் முந்தைய நாள் தேதியில் விழும்.

போனில் எடுத்த டிசைன் படம் ஏறவில்லையா? பிஎச்பியின் இயல்பான வரம்பு ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்தப் படிவத்துக்கு 8 எம்பி. இரண்டையும் உயர்த்துங்கள். என்ஜின்எக்ஸ் என்றால் அதன் வரம்பு 1 எம்பி; அதையும் உயர்த்த வேண்டும்.

சர்வரில் கம்போசர் இன்ஸ்டால் மட்டும் ஓட்டுங்கள், அப்டேட் ஓட்டாதீர்கள். லாக் (composer.lock) கோப்பில் உள்ள அதே பதிப்புகள் இறங்கும். அப்டேட் சொந்தக் கணினியில் நடக்கட்டும். ஒரு ஆர்டர் போட்டு, ஒரு ரசீது எடுத்துப் பார்த்த பிறகு லாக் கோப்பை ஏற்றுங்கள்.

பேக்கப் தினமும் இரவில் ஓடி, வேறொரு இடத்துக்கும் போகும்படி அமைக்க வேண்டும். அதற்கு மைஎஸ்க்யூஎல் டம்ப் கருவி சர்வரில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை அந்த ஜிப்பை இறக்கி, வெற்று டேட்டாபேஸில் ஏற்றி, கடைசி ஆர்டர் எண் வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள்.