ஸ்கேல் வைத்து நட்சத்திரத்தைக் காட்டலாமா? காஸ்மிக் கதிர்களின் திசையில் நாம் செய்யும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் மாடியறையில் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை விளக்கை அணைத்துவிட்டுத் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு மீன் தொட்டியைக் காட்டுவேன். கொளத்தூரில் வாங்கிய கண்ணாடித் தொட்டி. மீன் கிடையாது. மேலே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கம்பளித் துணி, கீழே கறுப்புத் தகடு, தகட்டுக்கு அடியில் ட்ரை ஐஸ். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பத்து நிமிடம் பொறுத்தால் தகட்டை ஒட்டி மெல்லிய பனி படரும். அதில் திடீரென்று நூல் இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு விழும். இரண்டு விநாடியில் கலைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போன தடம் அது.

போன முறை எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தான். கோடு விழுந்த இடத்துக்கு நேராகக் கண்ணாடிமேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்து, “அந்த நட்சத்திரத்துலேர்ந்து வர்துணா” என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் தட்டத்தான் தோன்றியது. ஆனால் அந்த ஒரு ஸ்கேலுக்குள் ஐந்தாறு தவறுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் சில, பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களே தட்டுத்தடுமாறிக் கடந்தவை.

முதலில் தொட்டியையே சந்தேகப்பட வேண்டும். அதில் தெரியும் கோடெல்லாம் வானத்திலிருந்து வந்ததல்ல. குட்டையாக, தடித்து, பஞ்சுத் திரி போல விழுவது அறைக் காற்றிலேயே இருக்கும் ரேடான் வாயுவின் ஆல்பாத் துகள். நெளிந்து நெளிந்து போவது எலக்ட்ரான். நீளமாக, நேராக, மெலிசாக ஓடும் கோடுதான் பெரும்பாலும் காஸ்மிக் கதிர், அதாவது விண்வெளியிலிருந்து வரும் துகள், வழி வந்த மியூவான் (எலக்ட்ரானுக்குக் கனமான உறவு). (முதல் தடவை ட்ரை ஐஸ் கிடைக்காமல், காசிமேட்டிலிருந்து மீனுக்குப் போடும் ஐஸை வாங்கி வந்து உப்பைக் கொட்டிப் பார்த்தேன். உப்புப் போட்டாலும் மைனஸ் 21 டிகிரிக்குக் கீழே இறங்காது. ட்ரை ஐஸ் மைனஸ் 78. அன்று கோடும் விழவில்லை, அறையில் மீன் வாடையும் போகவில்லை.)

இன்னொரு விஷயம். கோடு விழும் அந்தப் பனி அடுக்கு ஓரிரு சென்டிமீட்டர் உயரம்தான். மேலிருந்து நேராக இறங்கும் மியூவான் அதில் ஒரு புள்ளி அளவுக்குத்தான் தடம் விடும், நம் கண்ணில் படாது. படுக்கை வாட்டில் சாய்ந்து வருவது மட்டும் நீளக் கோடாகத் தெரியும். ஆக, பையன் பார்த்த திசை கதிர்களின் திசையல்ல, தொட்டியால் காட்ட முடிந்த திசை. கருவிக்குத் தெரிகிற பக்கத்தை வானத்தின் குணமாக எடுத்துக்கொள்வது இந்தத் துறையில் மிகப் பழைய சறுக்கல். காஸ்மிக் கதிர்களை அளக்க அர்ஜென்டினாவில் இருக்கும் பியர் ஓஜே ஆய்வகத்துக்கு வட துருவ வானம் தெரியாது. அமெரிக்காவின் யூட்டாவில் அதே வேலை செய்யும் டெலஸ்கோப் அரேவுக்குத் தென் துருவ வானம் தெரியாது. ஒன்றின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ‘வானத்தில் இந்தப் பக்கம் காலி’ என்று சொல்லக் கூடாது.

சரி, நல்ல கருவியாகவே வைத்து எண்ணுவோம். மியூவான்கள் நேர் மேலிருந்துதான் அதிகம் வரும். செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்தால் ஏறக்குறைய கால்வாசிதான் கிடைக்கும். உடனே ‘தலைக்கு மேலே ஏதோ இருக்கிறது’ என்று நினைப்பது அடுத்த தவறு. ராத்திரி முழுக்க நட்சத்திரங்கள் தலைக்கு மேலே நகர்ந்துகொண்டே இருக்கும், இந்தக் கணக்கோ மாறாது. காரணம் நம் காற்றுதான். விண்வெளியிலிருந்து வருபவை பெரும்பாலும் புரோட்டான்கள், பிறகு ஹீலியம் அணுக்கருக்கள், கொஞ்சம் கனமான அணுக்கருக்கள். அவை உயரத்திலேயே காற்றணுக்களில் மோதிச் சிதறிவிடும். அந்தச் சிதறலில், 15 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டிப் பிறப்பதுதான் மியூவான். நின்றிருந்தால் அதன் ஆயுள் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. சாய்வாக வந்தால் கடக்க வேண்டிய காற்று கூடுகிறது, ஆற்றல் குறைகிறது, வழியிலேயே சிதைந்து போகிறது. நம் உள்ளங்கை வழியாக விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் போய்க்கொண்டிருப்பவை இவைதான். விருந்தாளி வாசலோடு போய்விட்டார், வீட்டுக்குள் வருவது அவருடைய பேரப்பிள்ளைகள்.

இதைவிடச் சுவையான ஒன்று உண்டு. காசிமேட்டில் கடலைப் பார்த்து நின்றால் எதிரே கிழக்கு, முதுகுக்குப் பின்னால் வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் மேற்கு. ஒரே அளவு சாய்வில் இரண்டு பக்கமும் எண்ணினால் மேற்கிலிருந்து வருபவை அதிகமாக இருக்கும். பெரம்பூருக்கு மேலே எதுவும் வெடிக்கவில்லை. வருவது நேர் மின்னேற்றம் உள்ள துகள்கள், பூமியின் காந்தப்புலம் அவற்றை வளைத்துக் கிழக்குப் பக்க வழியை அதிகம் அடைத்துவிடுகிறது. இவற்றுக்குக் ‘கதிர்’ என்று பெயர் வந்ததே மில்லிகன் போன்ற இயற்பியலாளர்கள் அவற்றை ஒளி போன்ற காமாக் கதிர் என்று நம்பியதால்தான். 1933-ல் மெக்சிகோ நகரில் ஜான்சன் தனியாகவும், காம்ப்டனோடு சேர்ந்து ஆல்வரெஸும் இந்த மேற்குச் சாய்வை அளந்த பிறகு, இவை நேர் மின்னேற்றத் துகள்கள் என்பது பிடிபட்டது. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிப் போவதால் நம் பக்கம் கெடுபிடி அதிகம். ஏறக்குறைய 17 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு எலக்ட்ரான் வோல்ட், கிகா என்றால் நூறு கோடி) கீழே உள்ள புரோட்டான் நேர் மேலிருந்து உள்ளே வர முடியாது.

சூரியனைக் கைகாட்டுபவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சூரியன் துகள்களை வீசத்தான் செய்கிறது, ஆனால் பெரும்பாலானவை இந்த வரம்புக்குக் கீழே. காஸ்மிக் கதிர்களைக் கண்டுபிடித்த விக்டர் ஹெஸ் இதை அன்றே யோசித்திருக்கிறார். 1912 ஏப்ரலில் சூரிய கிரகணத்தின்போது பலூனில் ஏறி அளந்தார், அளவு குறையவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 7-ல் 5,300 மீட்டர் வரை போனபோது கதிர்வீச்சு தரையில் இருந்ததைவிட வெகுவாகக் கூடியிருந்தது. 1936-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது பெரிய தவறுக்கு வருவோம். கேரம் ஆடத் தெரியாதவர்கள் எங்கள் ஏரியாவில் குறைவு என்பதால் பிள்ளைகளிடம் இப்படித்தான் கேட்பேன்: “காய் பாக்கெட்டில் விழும் கடைசி இரண்டு அங்குலத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஸ்ட்ரைக்கர் யார் கையிலிருந்து கிளம்பியது என்று சொல்ல முடியுமா?” நேர் ஷாட் என்றால் சொல்லலாம். மூன்று பக்கம் முட்டி ரிபவுண்டில் வந்திருந்தால்? பால்வீதி முழுக்க மெலிதான காந்தப்புலம் பரவியிருக்கிறது. ஒரு டெரா (ஆயிரம் கிகா) எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் அதில் போடும் வட்டத்தின் ஆரம், சூரியனிலிருந்து புளூட்டோ வரையான தூரத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. கேட்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் பால்வீதியின் அகலம் ஒரு லட்சம் ஒளியாண்டு. அதற்குள் இந்தத் துகள் எத்தனை லட்சம் சுற்று சுற்றி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் இந்த ஆற்றலில் வானம் எல்லாப் பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது. ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் ஏற்றத்தாழ்வு. அந்த ஆயிரத்தில் ஒன்றை அளக்க ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 போன்ற கருவிகள் கோடிக்கணக்கில் துகள் மழைகளை, அதாவது ஒரு கதிர் காற்றில் மோதிச் சிதறி மொத்தமாகக் கொட்டும் துகள் கூட்டங்களை, சேர்க்க வேண்டியிருக்கிறது.

துகள் மழையின் திசையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது கடினமே இல்லை. மணலியிலிருந்து “இங்க பிடிச்சிடுச்சு” என்று போன் வந்து, பிறகு நம் தெருவில் தூறி, அப்புறம் துறைமுகம் நனைந்தால் மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும் இல்லையா? அதேதான். எந்தக் கருவியில் முதலில் விழுந்தது என்பதை நானோ விநாடிக் கணக்கில் பார்க்கிறார்கள். ஆகவே ‘திசையைச் சரியாக அளக்க முடியாததால் மூலம் தெரியவில்லை’ என்று எழுதுவதும் தவறு. வந்த திசையை ஒரு டிகிரி அளவுக்குச் சொல்லிவிட முடியும். புறப்பட்ட இடம்தான் சிக்கல்.

நேர்க்கோட்டில் வரும் சாட்சிகளும் உண்டு: மின்னேற்றம் இல்லாத காமாக் கதிரும் நியூட்ரினோவும். புரோட்டான்கள் முடுக்கப்படும் இடத்தில் இவையும் பிறக்கும். 2013-ல் ஃபெர்மி விண்தொலைநோக்கி, ஐசி 443, டபிள்யூ 44 என்ற இரண்டு சூப்பர்நோவா (வெடித்த நட்சத்திர) மிச்சங்களில் புரோட்டான் மோதலின் கைரேகையைக் காமாக் கதிரில் கண்டது. பால்வீதிக்குள் பிறப்பவற்றுக்குச் சூப்பர்நோவா ஒரு மூலம் என்பதற்கு நல்ல சாட்சி. ‘எல்லாவற்றுக்கும் மூலம் சூப்பர்நோவாதான்’ என்று அதை நீட்டிவிடாதீர்கள்.

ஏனென்றால் ஆற்றலின் உச்சியில் இருப்பவை வேறு ஜாதி. 1991 அக்டோபர் 15 அன்று யூட்டாவில் பதிவான ஒரே ஒரு துகளின் ஆற்றல் 320 எக்ஸா எலக்ட்ரான் வோல்ட். எக்ஸா என்றால் 1-க்குப் பின்னால் 18 சுழியம். நம் கணக்கில் 51 ஜூல், ஸ்பின்னர் ஒருவர் மணிக்கு 90 கிலோமீட்டரில் வீசும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல், ஓர் அணுக்கருவுக்குள். இவ்வளவு ஆற்றலோடு வருவதைப் பால்வீதியின் காந்தப்புலத்தால் அதிகம் வளைக்க முடியாது. புரோட்டானாக இருந்தால் சில டிகிரிதான். இங்கே ஸ்கேலுக்கு ஓரளவு வேலை இருக்கிறது. ஆனால் 100 எக்ஸாவை நெருங்குபவை ஒரு சதுர கிலோமீட்டருக்கு நூறு ஆண்டில் ஒன்றுகூடத் தேறாது. அதனால்தான் ஓஜே ஆய்வகம் 3,000 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியைப் போல ஏழு மடங்குப் பரப்பில், 1,600-க்கும் மேற்பட்ட தண்ணீர்த் தொட்டிகளைப் பரப்பி வைத்திருக்கிறது.

எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது மனசு கோலம் போட ஆரம்பித்துவிடும். 2007-ல் ஓஜே குழு உச்ச ஆற்றல் நிகழ்வுகள் 27-ல் 20, பெரும் ஆற்றலைக் கொட்டும் அருகிலுள்ள கேலக்ஸி மையங்களின் திசையோடு பொருந்துவதாக வெளியிட்டது. மூலம் கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் தலைப்பு. 2010-ல் நிகழ்வுகள் 69 ஆனபோது பொருத்தம் நூற்றுக்கு 38 ஆக இறங்கியது, குருட்டாம்போக்கிலேயே 21 பொருந்தும். 2014-ல் டெலஸ்கோப் அரே சப்தரிஷி மண்டலத்தின் அருகே 72-ல் 19 குவிந்திருப்பதாகச் சொன்னது. அதுவும் இன்னும் முடிவாகவில்லை. அந்தக் குழுக்களைக் குறை சொல்ல மாட்டேன், நிகழ்வுகள் சேரச் சேர மறுபடி எண்ணி அதையும் அவர்களேதான் வெளியிட்டார்கள். தலைப்பு போட்டவர்கள்தான் திரும்பி வரவில்லை.

உறுதியாக நிற்பது ஓஜே குழுவின் 2017 முடிவு. 8 எக்ஸாவுக்கு மேற்பட்ட 30,000-க்கும் அதிகமான நிகழ்வுகளில் வானத்தின் ஒரு பக்கம் 6.5 சதவீதம் கனம். அதாவது சராசரி 100 என்றால் அந்தப் பக்கம் 106, எதிர்ப்பக்கம் 94. இதை ‘அங்கிருந்து வருகிறது’ என்று படிக்கக் கூடாது, எல்லாப் பக்கமும் வருகிறது, ஒரு பக்கம் சற்றுக் கூடுதல். முக்கியம் என்னவென்றால் அந்தப் பக்கம் பால்வீதியின் மையத்திலிருந்து சுமார் 125 டிகிரி விலகி இருக்கிறது. இவை நம் பால்வீதிக்குள் பிறந்திருந்தால் மையத்தின் பக்கம் அல்லவா கனத்திருக்க வேண்டும்?

2021 மே 27-ல் டெலஸ்கோப் அரேயில் பதிவான ‘அமதெராசு’ துகளையும் சொல்ல வேண்டும். 244 எக்ஸா. திசையை நீட்டினால் கேலக்ஸிகளே அரிதான ஒரு வெற்றிடம். ‘ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்த துகள்’ என்று செய்தி பறந்தது. அது இரும்பு போன்ற கனமான அணுக்கருவாக இருந்தால் புரோட்டானைவிட 26 மடங்கு அதிகம் வளைந்திருக்கும். வெற்றிடம் அதன் கடைசி இரண்டு அங்குலம் மட்டுமே.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் எதிர் வீட்டு அக்கா போனை நீட்டினார். “இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு அருகே கடக்கின்றன, செல்போனை அணைத்துவிடுங்கள்.” பல வருடமாகச் சுற்றும் வாட்ஸ்அப் செய்தி. ரயில் மாதிரி நேரம் குறித்து ஒரு பக்கமாகக் கடந்து போக அது ஒன்றும் எழும்பூர் எக்ஸ்பிரஸ் இல்லை அக்கா, இப்போதுகூட எல்லாப் பக்கமிருந்தும் உங்கள் கை வழியாகப் போகிறது, போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்றேன். தலையாட்டினார். அன்று இரவு போனை அணைத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறார். காலையில் அலாரம் அடிக்கவில்லை. ஸ்கேல் வைத்திருந்த பையன் அவருடைய மகன்தான், ஸ்கூலுக்கு அரை மணி நேரம் லேட்.