முட்டுச்சந்தில் போகிற ஒயர்: இங்கிலாந்தில் பழைய வீடு எடுப்பவர்களுக்கு

"மாமா, வீட்டுக்குள்ள அஞ்சு போன் சாக்கெட் இருக்கு. கக்கூஸ் வாசல்லகூட ஒண்ணு வச்சிருக்காய்ங்க. எதுலதான் ரவுட்டரைச் சொருகுறது?"

லண்டன் ஈஸ்ட்ஹாமில் பழைய வீட்டுக்குக் குடிபோன அக்கா மகன் வீடியோவில் கேட்ட முதல் கேள்வி இது. அரிசி எங்கே வாங்குவது என்பதெல்லாம் அப்புறம்தான் வந்தது. நான் 14 வருஷம் அந்த ஊரில் இருந்துவிட்டு எஸ்.எஸ். காலனிக்குத் திரும்பியவன். மதுரைப் பக்கமிருந்து புதிதாகப் போகிற பிள்ளைகள் நாலைந்து பேர் இதையே கேட்டுவிட்டார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நம்ம ஊர் போன் ஒயரிங் தெரிந்தவருக்கு அந்த ஊர்ச் சுவர் கொஞ்சம் குழப்பும். இங்கே போஸ்ட்டிலிருந்து கறுப்பு ஒயர் ஜன்னல் வழியாக உள்ளே வரும், சின்னப் பெட்டியில் இரண்டு ஸ்க்ரூவில் முடியும். எந்த ஒயரை எந்த ஸ்க்ரூவில் மாட்டினாலும் பேசலாம். மாடிக்கு இன்னொரு போன் வேண்டுமென்றால் லைன்மேன் அதே ஸ்க்ரூவில் இன்னொரு ஜோடியை முறுக்கிவிட்டுப் போவார். எங்கள் வீட்டுக்கு 0452 நம்பர் வருவதற்கு முன்னால் எதிர் வீட்டு நம்பரை 'பி.பி.' என்று போட்டுத்தான் அக்கா கல்யாணப் பத்திரிகையே அடித்தோம். ஒரு போனுக்கே அவ்வளவு பாடு. இங்கிலாந்திலோ 1981-இல் சொருகிப் பிடுங்குகிற சாக்கெட் வந்த பிறகு அறைக்கு ஒன்று என்று வைத்துத் தள்ளிவிட்டார்கள். நீங்கள் போகிற வீட்டில் முன்னால் குடியிருந்த ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒன்றை விட்டுப் போயிருப்பார்.

முதலில், வேண்டாத சாக்கெட்டுகளைக் கழற்றுகிற இந்த வேலை உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். ஃபைபர் நேராக வீட்டுக்குள் வருகிறதென்றால் பழைய சாக்கெட் எல்லாம் சுவருக்கு அலங்காரம்தான், வேகத்தை ஒன்றும் செய்யாது. பழைய முறைப் போன் லைனைப் புதிதாக விற்பதை 2023 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். இருக்கிறவற்றையும் 2027 ஜனவரிக்குள் மூடுவதாகத் திட்டம். இனி போனை ரவுட்டரின் முதுகில்தான் சொருக வேண்டும். கரண்ட் போனால் அந்தப் போனும் போய்விடும், ஆபத்துக்கு 999 கூப்பிட செல்போனில் சார்ஜ் வைத்திருங்கள்.

தெருமுனைப் பச்சைப் பெட்டியிலிருந்து செம்பு ஒயரில் பிராட்பேண்ட் வருகிற வீடு என்றால் கதை வேறு. அங்கே ஒவ்வொரு வேண்டாத சாக்கெட்டும் ஒரு முட்டுச்சந்து. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வழி தெரியாமல் முட்டுச்சந்துக்குள் புகுந்தவர்கள் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மாசி வீதியில் நேராகப் போகிறவர்கள்மேல் மோதுவார்கள் இல்லையா? சிக்னலும் அப்படித்தான் ஒயரின் நுனி வரை போய், எதிரொலித்து, தாமதமாகத் திரும்பி வந்து நல்ல சிக்னலோடு மோதும். போதாததற்கு அந்த ஒயர் ஆன்டெனா மாதிரி நின்று சுற்றியிருக்கிற இரைச்சலையும் வாங்கிக் கொடுக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். ஐந்து சாக்கெட்டில் ஒன்றுதான் மாஸ்டர், அதாவது வெளி ஒயர் முதலில் வந்து சேருகிற சாக்கெட். பெரும்பாலும் வாசல் கதவுப் பக்கமோ முன் அறையிலோ இருக்கும். அதன் முகத்தில் குறுக்கே ஒரு கோடு ஓடும். கோட்டுக்குக் கீழ்ப் பாதியில் இரண்டு ஸ்க்ரூ. புது மாடலில் ஸ்க்ரூ கிடையாது, இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினால் முன்மூடி கையோடு வரும். கழற்றி வருகிற மூடி உங்கள் எல்லை. பின்னால் சுவரோடு நிற்கிற பாதியும் வெளியிலிருந்து அதற்குள் வருகிற ஒயரும் லைனைப் பராமரிக்கிற ஓப்பன்ரீச் கம்பெனியின் சொத்து, அதில் கை வைக்க வேண்டாம். குறுக்குக் கோடே இல்லாத பழைய மாஸ்டர் இருந்தால் அதைத் திறக்கவே திறக்காதீர்கள், உங்கள் சர்வீஸ் கம்பெனியிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

மூடியைக் கழற்றியதும் உள்ளே இன்னொரு சாக்கெட் தெரியும். அதுதான் டெஸ்ட் சாக்கெட். மூடி கையில் இருக்கிறவரை வீட்டிலுள்ள மற்ற சாக்கெட் எல்லாம் லைனிலிருந்து பிரிந்து நிற்கும். ரவுட்டரை ஃபில்டரோடு (பேச்சையும் நெட்டையும் பிரிக்கிற குட்டிப் பெட்டி) அதில் சொருகி, ஒருநாள் அப்படியே ஓட விடுங்கள். ஒரு ஒயரையும் வெட்டாமல் விடை கிடைத்துவிடும்: வேகம் கூடினால் கோளாறு உங்கள் ஒயரிங்கில், கூடாவிட்டால் கம்பெனிக்காரர்களைக் கூப்பிடுங்கள். உங்கள் ஒயரிங் பழுதுக்கு அவர்கள் ஆள் வந்தால் தனியாகக் காசு வாங்குவார்கள் என்பதால், கூப்பிடுவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

மூடியின் பின்பக்கம் 2, 3, 5 என்று எண் போட்ட இடங்களில் ஒயர்கள் அழுந்தியிருக்கும். பொதுவாக 2-இல் வெள்ளை வளையம் போட்ட நீலம், 5-இல் நீல வளையம் போட்ட வெள்ளை, 3-இல் வெள்ளை வளையம் போட்ட ஆரஞ்சு. பேச்சும் நெட்டும் 2, 5-இல்தான் போகின்றன. 3 பழைய காலப் போனுக்கு மணி அடிக்க வைத்த ஒயர். இப்போதைய போன் எதற்கும் அது தேவையில்லை, இரைச்சலை உள்ளே கொண்டுவருவதும் அதிகம் அதுதான். போட்டோ எடுத்துவிட்டுப் பிடுங்குங்கள். எல்லா சாக்கெட்டும் வேண்டாம் என்றால் 2, 3, 5 மூன்றிலும் உள்ள ஒயரைப் பிடுங்கி மூடியை மாட்டிவிட்டால் முடிந்தது. ஒன்று மட்டும் வேண்டும் என்றால் அதற்குப் போகிற கேபிளின் 2, 5-ஐ மட்டும் விட்டுவையுங்கள். திரும்ப மாட்ட ஸ்க்ரூ டிரைவரால் குத்தாதீர்கள், ஒயரைக் கவ்வுகிற பல் விரிந்துவிடும். ஐ.டி.சி. டூல் என்று கேட்டால் மலிவான பிளாஸ்டிக் கருவி கிடைக்கும்.

நடுவழி சாக்கெட்தான் ஆளை ஏமாற்றும். கழற்றிப் பார்த்தால் ஒரே கேபிள் இருந்தால் அது கடைசி சாக்கெட். இரண்டு இருந்தால் ஒன்று வருவது, இன்னொன்று அடுத்த அறைக்குப் போவது. அதை எடுத்தால் அடுத்ததும் செத்துவிடும். அடுத்தது வேண்டுமென்றால் நீலத்தோடு நீலம், வெள்ளையோடு வெள்ளை சேர்க்க ஜெல்லி கிரிம்ப் இருக்கிறது: பட்டாணி அளவு பிளாஸ்டிக், உள்ளே ஜெல். தோல் உரிக்காமல் ஒயரை உள்ளே விட்டுக் கட்டிங் பிளேயரால் நெரித்தால் போதும்.

நான் முதல் தடவை இதையெல்லாம் செய்யவில்லை. மாடி சாக்கெட்டைப் பிடுங்கி, ஒயரின் வெறும் நுனிகளைச் சேர்த்து டேப் சுற்றிச் சுவருக்குள் தள்ளிவிட்டேன். மாஸ்டர் பக்கம் கழற்றவே இல்லை. உள்ளே இரண்டு நுனியும் தொட்டுக்கொண்டதால், யாரோ ரிசீவரை எடுத்துப் பேசிக்கொண்டே இருக்கிற மாதிரி லைன் ஆகிவிட்டது. வெளியிலிருந்து கூப்பிட்டவர்களுக்கு எங்கேஜ்டு சத்தம். மதுரையிலிருந்து அம்மா இரண்டு நாள் முயன்றுவிட்டு, பக்கத்துத் தெருக்காரப் பையன் மூலம் ஆள் அனுப்பிக் கேட்டார்: "யார்கூடடா ரெண்டு நாளா பேசிக்கிட்டே இருக்க?" கம்பெனி ஆள் வந்து டேப்பைப் பிரித்துக் காட்டினார். அதற்கு வந்த பில்லை அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

பிடுங்குவதற்கு முன் இன்னும் ஒன்று. திருட்டு அலாரமோ, வீட்டில் வயதானவர் கழுத்தில் தொங்குகிற அவசர பட்டனோ அந்த ஒயரில் மாட்டியிருக்கலாம், அதை விசாரித்துக்கொள்ளுங்கள். போன் லைனில் சாதாரணமாக 50 வோல்ட் அளவு டி.சி. இருக்கும், மணி அடிக்கும்போது ஏ.சி.யில் அதைவிடக் கூடுதலாக வரும். ஆளைக் கொல்லாது, ஆனால் சுருக்கென்று இழுக்கும். டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பிக் கையை வைக்காதீர்கள். சந்தேகமான வெள்ளை கேபிள் எதுவானாலும் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் தொடர்ந்து பார்த்துவிட்டே வெட்டுங்கள், பழைய வீட்டில் பத்துத் தடவை பெயின்ட் அடித்து எல்லாம் ஒரே நிறமாக இருக்கும்.

சாக்கெட் போன ஓட்டைக்குக் கடையில் வெற்று மூடி விற்கிறது. பின்னால் இருக்கிற பெட்டியிலேயே அதே இரண்டு ஸ்க்ரூவில் உட்காரும். பட்டி பூசி மறைப்பதைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும், நாளைக்குத் திறக்கலாம். வாடகை வீடென்றால் ஓனரிடமோ ஏஜென்டிடமோ இமெயிலில் கேட்டு பதில் வாங்கிக்கொண்டே தொடுங்கள். வாயால் சரி என்றது அட்வான்ஸ் திரும்பக் கேட்கும்போது ஞாபகம் இருக்காது. டெஸ்ட் சாக்கெட்டில் சொருகிப் பார்க்க மட்டும் யாரையும் கேட்க வேண்டாம்.

மாப்பிள்ளை அதைத்தான் முதலில் செய்தான். வீடியோவில் என் முகம் கட்டம் கட்டமாகச் சிதறுவது அன்றைக்கே நின்றுவிட்டதாம். ஓனர் சம்மதம் வந்த பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினால், ஐந்தில் இரண்டுக்குப் பின்னால் ஒயரே இல்லை. கக்கூஸ் வாசலில் இருந்தது அந்த இரண்டில் ஒன்று. "இதை மட்டும் கழட்ட மாட்டேன் மாமா, அம்மா வந்தா காட்டணும்" என்றான்.